தடித்த ஸ்லாப் எழுத்துருவைக் கெடுக்கும் தவறுகள்

கொழுத்த தண்டு, மழுங்கிய முனை, காலடியில் பட்டையான செரிஃப், அதாவது முனையில் நீட்டிய குறுக்குக் கோடு. இப்படிப்பட்ட ஸ்லாப் எழுத்துருவைத் தலைப்பில் போட்டதுமே பக்கத்துக்கு ஒரு களை வந்துவிடும். அந்த மயக்கத்தில் கண்ட இடத்திலெல்லாம் போட்டுக் கெடுப்பவர்களும் அதிகம். கெடுவது பெரும்பாலும் எழுத்தின் கறுப்பு அல்ல, அதற்குள் அடைபட்டிருக்கும் வெள்ளை. ஆங்கிலச் சின்ன ‘ஈ’யின் (e) கண், சின்ன ‘ஏ’யின் (a) வயிறு ஆகிய இந்த இடங்களை டிசைனர்கள் கவுன்டர் என்பார்கள். தண்டு தடிக்கத் தடிக்க கவுன்டர் சுருங்கும். மிஞ்சிய அந்தக் கொஞ்ச வெள்ளையை வைத்துத்தான் கண் எழுத்தை அடையாளம் காண்கிறது.

ஸ்லாப் செரிஃப் வளர்ந்ததே விளம்பரத்தால்தான். 1810களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் ‘ஆன்டிக்’ என்ற பெயரில் இந்த வகையை வார்த்தார். 1845இல் ராபர்ட் பெஸ்லியின் ஃபவுண்டரி (அச்செழுத்து வார்ப்பகம்) வெளியிட்ட கிளாரண்டனில், தண்டும் பட்டையும் சேரும் மூலை வளைந்து இளகியது. முனைகளையும் உருட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1974இல் வந்த அமெரிக்கன் டைப்ரைட்டர் நல்ல உதாரணம். 1922இன் கூப்பர் பிளாக்கையும் பலர் இதே கூட்டத்தில் சேர்ப்பார்கள். கறாராகப் பார்த்தால் அது ஸ்லாப் அல்ல; ஆனால் பயன்பாட்டில் இரண்டுக்கும் வரும் சிக்கல்கள் ஒன்றுதான்.

முதல் தவறு, அதைப் பத்திகளுக்குப் போடுவது. இது டிஸ்ப்ளே எழுத்துரு, பெரிய அளவுத் தலைப்புக்கானது. நாலைந்து சொற்களுக்கு மேல் தாங்காது. திரையில் 24 பிக்சலுக்குக் கீழே இறக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குக் கீழே ‘ஈ’யின் கண் மூடிக்கொள்கிறது, உருண்ட முனையும் தெரிவதில்லை. உருட்சி தெரியாவிட்டால் இந்த எழுத்துருவை எடுத்ததற்கே அர்த்தமில்லை.

அடுத்தது பலர் தெரியாமலே செய்வது: போலி போல்டு. இந்த வகை எழுத்துருக்கள் பல ஒரே எடையில், அதாவது ஒரே தடிமனில்தான் கிடைக்கும். ஆல்ஃபா ஸ்லாப் ஒன் அப்படித்தான். பார்க்க அத்தனை கனம், ஆனால் கோப்பில் பதிவான எடை 400, அதாவது ‘ரெகுலர்’. வெப் பக்கத்தில் ஹெச்1 என்ற முதன்மைத் தலைப்பு தானாகவே போல்டு. எழுத்துருவில் போல்டு இல்லை என்றதும் பிரவுசர் தன் பங்குக்கு ஓரங்களை ஊதிப் பெரிதாக்கிவிடும். ஏற்கெனவே குறுகிய கவுன்டர் இன்னும் நெரிபடும். பக்கத்துப் பக்கத்துச் செரிஃப்கள் ஒட்டிக்கொள்ளும். எழுத்துருவே மோசம் என்று அதைத் தூக்கிப்போட்டவர்களும் உண்டு, பாவம். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் அந்தத் தலைப்புக்கு ஃபாண்ட்-வெயிட் 400 என்று கொடுங்கள், அல்லது ஃபாண்ட்-சிந்தஸிஸை ‘நன்’ (none) ஆக்குங்கள்; தீர்ந்தது. சாய்வெழுத்துக்கும் இதே கதைதான். இட்டாலிக் இல்லாத எழுத்துருவைச் சாய்த்தால் உருண்டைகள் கோணிக்கொள்ளும்.

அவுட்லைன் போடுகிறவர்களும் இங்கேதான் மாட்டுகிறார்கள். பல மென்பொருள்களில் ஸ்ட்ரோக், அதாவது அந்த அவுட்லைன் கோடு, எழுத்தின் விளிம்பை நடுவாக வைத்து விழும். பாதி வெளியே, பாதி உள்ளே. வேறு நிறத்தில் 6 பிக்சல் கோடு போட்டால் 3 பிக்சல் எழுத்தின் உடம்பைத் தின்கிறது. எழுத்தும் கோடும் ஒரே நிறமென்றால் அதே 3 பிக்சல் கவுன்டரைத் தின்னும். வேறு நிறக் கோடென்றால் ஸ்ட்ரோக்கை வெளிப்பக்கமாக மாற்றுங்கள். கோட்டின் மூலைக்கு ரவுண்ட் ஜாயின் (உருண்ட மூலை) வையுங்கள். அப்போதுதான் உருட்சிக்குப் பொருந்தும்.

எழுத்து இடைவெளியில் அளவு தப்பினால் வேடிக்கையாகிவிடும். பெரிய தலைப்பில் கொஞ்சம் நெருக்குவது அழகுதான். ஆனால் ஸ்லாப்புக்குக் கால் நீளம். சின்ன ‘ஆர்’, சின்ன ‘என்’ இரண்டின் காலும் தொட்டுக்கொண்டால் அது ‘எம்’ ஆகிவிடும். மொத்தமாக டிராக்கிங்கை (எல்லா எழுத்துக்குமான பொது இடைவெளி) குறைத்துவிட்டு நகராமல், பெரிய ‘எல்’லும் ‘டி’யும் (LT), ‘ஏ’யும் ‘வி’யும் (AV) சேரும் இடங்களைத் தனியாகக் கெர்னிங் (குறிப்பிட்ட இரண்டு எழுத்துக்கு இடையேயான இடைவெளி) பாருங்கள்.

முழுக்கப் பெரிய எழுத்தில் போடுவது தவறு என்று சொல்லமாட்டேன், வீண் என்பேன். இந்த எழுத்துருவின் குணமெல்லாம் சின்ன எழுத்துகளின் வளைவில்தான் இருக்கிறது.

தமிழும் ஆங்கிலமும் கலந்த தலைப்பென்றால் ஒரு சோதனை அவசியம். இத்தகைய எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகளே இருக்காது. தமிழுக்குச் சிஸ்டம் எழுத்துரு வந்து நிற்கும். ஒரே வரியில் பாதி தடியும் பாதி ஒல்லியுமாகத் தெரியும். சமமான கறுப்புள்ள தமிழ் எழுத்துருவைக் கையோடு தேர்ந்தெடுத்துவிடுங்கள். செரிஃப் பொருந்துகிறதா என்று தேடி அலைய வேண்டாம், கனம் பொருந்தினால் போதும். ‘ண’, ‘ஞ’ போன்ற சுழி எழுத்துகளின் உள்வெளி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே வரும் பத்திக்கு அமைதியான சான்ஸ் (செரிஃப் இல்லாத எழுத்துரு) எதுவும் போதும். இன்னொரு டிஸ்ப்ளே எழுத்துருவைப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

தொனியும் உண்டு. உருண்ட ஸ்லாப் இயல்பிலேயே சிரித்த முகம். விளையாட்டு, குழந்தைகள் பொருள், விழா அறிவிப்பு எல்லாம் அதற்குப் பொருந்தும். இரங்கல் செய்திக்கோ சட்ட எச்சரிக்கைக்கோ போட்டால் கேலி செய்வதுபோல ஆகிவிடும்.

லோகோவாக்கினால், ஃபேவிகான் (பிரவுசர் டேபில் தெரியும் குட்டிச் சின்னம்) அளவான 16 பிக்சலில் முழுப் பெயரையும் திணிக்காதீர்கள். முதலெழுத்தை மட்டும் எடுத்து, அதன் கவுன்டரைக் கையாலேயே சற்று அகலமாக்கி வரைந்து வையுங்கள்.