கோல் நுனியின் துடிப்பைக் கவனியுங்கள்

கனடாவின் கேம்பெல் ரிவர் நகரில், ஆற்று முகத்துவாரத்தில் துடுப்புப் படகிலிருந்து பெரிய சால்மனுக்குத் தூண்டில் போடுபவர்கள் நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடத் தூண்டில் கோலின் நுனியைப் பார்ப்பதே மேல். நீருக்குள் இரை ஆடுவதால் நுனி துடிக்கும்; அது சீராகத் துடிக்கும்வரை துடுப்பின் வேகம் சரி. துடிப்பு மங்கினாலோ நின்றாலோ உடனே நூலைச் சுற்றியெடுத்து, முள்ளில் சிக்கிய கடற்புல்லை நீக்கிவிட வேண்டும்.

அங்கே 1924-இல் தொடங்கப்பட்ட டையீ என்ற தூண்டில்காரர் சங்கத்தின் விதிப்படி படகில் இயந்திரத்தை இயக்கக் கூடாது. செயற்கை இரையையும் எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள்ளையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். இவற்றைக் கொண்டு 30 பவுண்டுக்குக் குறையாத, அதாவது ஏறத்தாழ 13.6 கிலோ எடையுள்ள சினூக் வகைச் சால்மனைப் பிடித்தவரே உறுப்பினராகலாம். முட்டையிட ஆற்றை நாடி வரும் மீனுக்கு இரை தேடும் நாட்டம் குறைந்துவிடுவதால், அதைச் சீண்டிக் கடிக்க வைப்பது பெரும்பாலும் இரையின் ஆட்டம்தான். ஒரேயொரு புல்லிழை சிக்கினாலும் அந்த ஆட்டம் கெட்டுவிடும். அதன்பின் எவ்வளவு நேரம் துடுப்பு வலித்தாலும் தோள்வலிதான் மிச்சம்.

காற்று வீசி அலை எழும் வேளையில் நுனியைப் பார்ப்பது பயன்படாது; படகின் குலுக்கலே நுனியை ஆட்டிவிடும். அப்போது நூலை விரலால் தொட்டு அதிர்வை உணர்வதோ, அவ்வப்போது இரையை மேலே எடுத்துப் பார்ப்பதோதான் வழி.