உலங்கு வானூர்தி மீட்புக் குழுவினரின் துணிவை மேடையில் பேசுவது எப்படி: வன்னி மாணவருக்கும் அவர்களைப் பயிற்றும் ஆசிரியருக்கும்

எழுதுவதற்கு உட்காரும் முன், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போர்க்காலத்தில் ஹெலிச் சத்தம் கேட்டதும் என்ன செய்தார் என்று கேளுங்கள். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ அக்காலத்தைக் கண்ட பெரும்பாலானோர், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கியதைத்தான் சொல்வார்கள். உங்கள் பேச்சைக் கேட்கப்போகும் மண்டபத்திலும், நடுவர் மேசையிலும் அவர்களே இருப்பார்கள். ஆகவே, மீட்பு விமானிகளை வானத்துத் தேவதூதர் என்று எடுத்த எடுப்பில் புகழாதீர்கள். அந்தப் பெரியவர்களுக்கு ஹெலியின் ஒலி என்னவாக இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அதே இயந்திரம் வேறொரு நாட்டில், ஆயுதமின்றி, காயக்காரரை ஏற்றுவதற்காக மட்டுமே சூட்டுக்குள் இறங்கிய கதையை இனிச் சொல்லப்போகிறேன் என்று தொடருங்கள்.

பேச்சுப் போட்டிகளுக்கு மாணவரைப் பயிற்றிய ஆண்டுகளில் நான் கண்ட பெரிய குறை, சிங்கம், புயல், இமயம் என்று அடைமொழிகளை அடுக்கிவிட்டு அந்த மனிதர் செய்த வேலையைச் சொல்லாமல் விடுவதுதான். இந்த வேலையை விளக்கினாலே அதன் துணிவு புலப்படும். ஓடும் விமானத்துக்கு வேகமும் உயரமும் காப்பு. தரையிறங்கும் ஹெலிக்கு அந்த இரண்டும் இல்லை. அந்தரத்தில் அசையாமல் நிற்பதற்கே எஞ்சின் பெரும்பலத்தைச் செலவிட வேண்டும். வெப்பக் காற்றில் தூக்குவிசை குறைவதால், நண்பகல் வெயிலில் ஏற்றுகிற ஒவ்வொரு காயக்காரரின் எடையும் மீண்டும் மேலெழுவதைக் கடினமாக்கும். காட்டுக்கு மேலே நின்று வின்ச் கம்பியால் ஒருவரைத் தூக்குவதென்றால், அந்த நிமிடங்கள் முழுவதும் விமானி சுடுபவனின் கண்ணெதிரே இயந்திரத்தை ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். தப்பிக்க ஒரு கைப்பிடியை அசைத்தால் போதும் என்று தெரிந்திருந்தும் அசைக்காமல் இருப்பதே இங்கே துணிவு. இதை விளக்க ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

பிறகு ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு அதை விரித்துச் சொல்லுங்கள். நான் பரிந்துரைப்பது 1968 ஜனவரி 6. வியட்நாமில் அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ ஹெலிகளுக்கு வானொலியில் ‘டஸ்ட்ஆஃப்’ என்பது அழைப்புப் பெயர். இரண்டு விமானிகள், ஒரு பொறிமுறையாளர், ஒரு மருத்துவ உதவியாளர் என நால்வர் அதில் பறப்பது வழக்கம். அன்று மேஜர் பற்றிக் பிரேடி, பனிமூட்டம் மூடிய பள்ளத்தாக்கில் ஹெலியைப் பக்கவாட்டில் திருப்பி, சுழலியின் காற்றால் பனியை விலக்கிக்கொண்டே தடம் பிடித்து இறங்கினார். அன்றே பின்னர் கண்ணிவெடி வயலில் சிக்கிய படையணி ஒன்றுக்காக இறங்கியபோது, அருகே வெடி வெடித்து அவருடைய குழுவில் இருவர் காயமுற்றனர். அப்படியிருந்தும் கடுங்காயம் பட்ட ஆறு பேரை மருத்துவ உதவிக்குக் கொண்டுசென்றார். அந்த நாள் முடிவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஹெலிகளைப் பயன்படுத்தி 51 காயக்காரரை வெளியேற்றியிருந்தார். இந்த இடத்தில் வேகமாகப் பேசாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் பணியாளர் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுவதை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அத்தகைய மண்ணில் ஒரு ஹெலியை இறக்குவது என்னவென்று அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்லலாம். அதே வியட்நாமில் 1964 ஜூலை 1 அன்று, சூடு கடுமையாக இருக்கிறது, விலகிப்போ என்று தரையிலிருந்து எச்சரித்தபோது, உங்கள் காயக்காரரை ஏற்றிய பிறகுதான் போவேன் என்ற பொருளில் பதிலளித்த மேஜர் சார்ள்ஸ் கெலி, அடுத்த கணங்களில் குண்டு பட்டு இறந்தார். 1969 அக்டோபர் 2 அன்று, நாற்பத்தேழு வயதான மைக்கேல் நொவோசெல், தானே காயமுற்ற நிலையிலும் 29 பேரை மீட்டார். ஹெலி மீட்பின் தொடக்கத்தைச் சொல்ல விரும்பினால் 1944 ஏப்ரலில் பர்மாவுக்குச் செல்லுங்கள்: விமானி காட்டர் ஹார்மன், ஒருமுறைக்கு ஒருவரை மட்டுமே ஏற்றக்கூடிய பலவீனமான சிகோர்ஸ்கி ஹெலியில் நான்கு பேரை ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்.

வியட்நாம் போர் கிராமங்களை எரித்த போர் அல்லவா என்று ஒருவர் கேட்கக்கூடும்; கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் போர் நியாயமா என்பதும், காயக்காரனுக்காக இறங்கியவன் துணிந்தவனா என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று மேடையிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஹெலிகள் வியட்நாமியப் படையினரையும் பொதுமக்களையும் ஏற்றின என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கையைக் குறிப்பிடுவதாயின் கவனமாகக் குறிப்பிடுங்கள்: மருத்துவ வானூர்திக்கு அது அளிக்கும் காப்பு, இரு தரப்பும் உடன்பட்ட உயரம், நேரம், வழி ஆகியவற்றில் பறக்கும்போது மட்டுமே உரியது. அவசர அழைப்பைக் கேட்டு உடனே புறப்பட்டவர்களுக்கு அத்தகைய உடன்பாட்டுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

இறுதிப் பகுதியில் நம் மண்ணுக்குத் திரும்புங்கள். 2009 பெப்ரவரி முதல் மே வரை, புதுமாத்தளனிலிருந்தும் பின்னர் முள்ளிவாய்க்காலிலிருந்தும் காயமடைந்த மக்களைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாகவே ஏற்றிச் சென்றது. கரை வரைக்கும் அவர்களைச் சாறத்திலும் படுக்கை விரிப்பிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் கொண்டுவந்தவர்கள் அயலவர்களும் மருத்துவமனைப் பணியாளர்களும். ஷெல் விழும் இடைவெளிகளை எண்ணிக்கொண்டு அப்படி ஓடியவர்கள் இன்றும் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் அனுமதி பெற்று, பெயரைச் சொல்லாமல், அவர் கூறியதை மட்டும் இரண்டு வாக்கியங்களில் சேருங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் மறுபடி கேட்காதீர்கள்.

ஒத்திகையை, முதலில் விசாரித்த அந்தப் பெரியவருக்கு முன்னாலேயே செய்யுங்கள். ஹெலிச் சத்தத்தை வாயால் எழுப்பிக் காட்டும் இடம் ஏதேனும் உங்கள் பேச்சில் இருந்தால், அதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள்.