பொதுப் பாடங்களை அடித்துவிட்டுப் பாருங்கள்

இயந்திரப் பொறியியலா, விமானப் பொறியியலா என்ற குழப்பமா? இரண்டின் பாடத்திட்டத்தையும் அச்செடுத்து அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ள பாடங்களைப் பேனாவால் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதை மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.

கணிதம், இயற்பியல், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொருள்களின் வலிமை ஆகியவை இரு பக்கமும் இருக்கும்; தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பிறகுதான் பாதை பிரியும்: இங்கே இயந்திர வடிவமைப்பு, உற்பத்தி முறைகள், அங்கே காற்றியக்கவியல், உந்துவிசை, விமானக் கட்டமைப்பு. மிஞ்சியவை ஐந்தாறு பாடங்கள்தான், அவற்றில் பாதி இயந்திரவியலிலேயே விருப்பப் பாடமாகக் கிடைக்கிறது என்றால், நான் தயங்காமல் இயந்திரவியலையே எடுப்பேன். நாளை மனம் மாறினாலும் வாகனம், மின்நிலையம், குளிரூட்டல் என்று வேறு துறைக்கு நகர முடியும். தலைப்பை மட்டும் நம்பி அடிக்காதீர்கள். ஒரே பாடம் இரண்டு பெயரில் ஒளிந்திருக்கும், அலகுகளையும் படியுங்கள். விருப்பப் பாடப் பட்டியலில் இருப்பதெல்லாம் நடத்தப்படுவதில்லை. சென்ற ஆண்டு எவற்றை நடத்தினார்கள் என்று மூத்த மாணவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

உரிமம் தேவைப்படும் வேலைகளுக்கு இந்த வழி உதவாது. கப்பலில் பொறியாளராகச் செல்ல, கடலோடிகளின் பயிற்சி, சான்றளிப்பு பற்றிய 1978ஆம் ஆண்டின் பன்னாட்டு எஸ்டிசிடபிள்யூ (STCW) உடன்படிக்கைப்படி தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியும் கடல் அனுபவமும் தேவை. விருப்பப் பாடங்களால் அதை ஈடுசெய்ய முடியாது.