லண்டனில் ஒரே நாள்: குடும்பத்தோடு சுற்றிப் பார்ப்பது எப்படி?

இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கில் போட்ட வழி இது. விசா, விமானம், அறை எல்லாம் முடிந்து, காலைச் சாப்பாடும் ஆனபிறகு வெளியே கால் வைக்கும் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு நாளில் ஒன்பது இடம் என்று பட்டியல் போடுபவர்கள் இதைப் படிக்க வேண்டாம். பிள்ளைகளோடு போனால் பெரிய இடம் மூன்று, நடுவில் ஒரு பூங்கா, அவ்வளவுதான் தாங்கும்.

முதலில் கார்டு

மொத்த நாளும் இதில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டியூப் ரயிலுக்கு, அதாவது லண்டன் சுரங்க ரயிலுக்கு, தாள் டிக்கெட் வாங்காதீர்கள், விலை அதிகம். தொட்டாலே பணம் போகிற வங்கி கார்டை கேட்டில் உள்ள மஞ்சள் வட்டத்தில் வைத்தால் கதவு திறக்கும். இறங்கும் ஸ்டேஷனில் மறுபடி வைக்க வேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும் வைத்தால் போதும், இறங்கும்போது வேண்டாம். பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், பர்ஸைத் திறந்து நிற்பதில் பயனில்லை.

பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனி கார்டு வேண்டும். அப்பா வைத்த கார்டையே அம்மாவும் வைத்தால் கதவு திறக்காது. ஒரே கணக்கில் இரண்டு கார்டு இருந்தால் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்ததில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். காலையில் பிளாஸ்டிக் கார்டை வைத்து உள்ளே போவார்கள். இறங்கும்போது கார்டு பைக்குள் எங்கோ கிடக்கும், கையில் போன் இருக்கும். அதே கார்டைத்தானே போனில் ஏற்றியிருக்கிறோம் என்று போனை வைப்பார்கள். போனில் ஏற்றிய கார்டுக்கு வேறு எண் உண்டு. அமைப்பின் கணக்கில் அது வேறொரு கார்டு. ஆக, ஒரு கார்டு உள்ளே போய் வெளியே வரவில்லை, இன்னொன்று உள்ளே போகாமலே வெளியே வந்தது என்றாகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். கைக்கடிகாரத்தில் ஏற்றிய கார்டுக்கும் இதே கதிதான். காலையில் எதை வைத்தீர்களோ, இரவு அறைக்குத் திரும்பும் வரை அதையே வையுங்கள்.

இதில் லாபமும் இருக்கிறது. ஒரே கார்டில் போனால் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஊரை நடுவிலிருந்து வெளியே மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், நடுப்பகுதி 1. 2025 கட்டணப்படி 1, 2 மண்டலங்களுக்குள் 8.90 பவுண்டு. 3ஆம் மண்டலம் வரை போனால் 10.50. கணக்குப் போடத் தேவையில்லை, அதுவாகவே நின்றுவிடும்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் கவனிக்க: வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு, தொட்டுக் கட்டுவது என இரண்டு பொத்தான்கள் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே திறந்து வையுங்கள். விசா, மாஸ்டர்கார்டு வேலை செய்யும். ரூபே கார்டையும் யுபிஐயையும் நம்பிப் போகாதீர்கள்.

பிள்ளைகளுக்கு

11 வயதுக்குக் கீழே என்றால் டியூபில் கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு நான்கு பிள்ளைகள் வரை இலவசம், கார்டே வேண்டாம். ஓரத்தில் உள்ள அகலமான கேட் வழியாகக் கூட்டிப் போங்கள். ஸ்ட்ரோலருக்கும் அதே கேட்தான்.

11 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு ஆய்ஸ்டர் கார்டு (முன்பணம் ஏற்றிவைக்கும் லண்டன் பயண அட்டை) வாங்கி, டியூப் ஸ்டேஷன் ஊழியரிடம் கொடுத்து ‘யங் விசிட்டர்’ சலுகையை ஏற்றச் சொல்லுங்கள். பாதிக் கட்டணம், 14 நாள் வரை செல்லும். பிள்ளையும் கூடவே இருக்க வேண்டும். வங்கி கார்டில் இந்தச் சலுகை ஏறாது. கார்டை வாங்கிவிட்டுச் சலுகையை ஏற்ற மறந்தால் முழுக் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும்.

காலை: வெஸ்ட்மின்ஸ்டர்

ஒன்பதரைக்கு மேல் கிளம்புங்கள். அதற்கு முன் வேலைக்குப் போகும் கூட்டத்தில் பிள்ளையை நசுக்க வேண்டிவரும். எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் ஏறிப் போகிறவர்களுக்கு.

வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் தலைக்கு மேலே பிக் பென். பெயர் உண்மையில் உள்ளே இருக்கும் மணிக்குத்தான். 96 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு 2012இல் எலிசபெத் கோபுரம் என்று பெயர் வைத்தார்கள். முழுக் கோபுரமும் படத்தில் விழ, பாலத்தில் பாதி தூரம் நடங்கள். அங்கே தரையில் மூன்று கிண்ணம் கவிழ்த்து, பந்து எதில் என்று கேட்கும் கும்பல் உட்கார்ந்திருக்கும். ஜெயித்துக் குதிக்கிறவரும் அவர்கள் ஆள்தான். நிற்காமல் போங்கள். சாலையோரம் போனைக் கையில் நீட்டிப் பிடிக்காதீர்கள், சைக்கிளில் வந்து பறித்துப் போவார்கள்.

குதிரைப்படை

பக்கிங்ஹாம் அரண்மனைக் காவல் மாற்றத்தைப் பார்க்க வேலியோரம் ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் அதுவரை நிற்க மாட்டார்கள். அதைவிட ஹார்ஸ் கார்ட்ஸ்தான் மேல் என்பேன். தினமும் 11 மணிக்கு, ஞாயிறு 10 மணிக்கு, நிஜக் குதிரைகளோடு காவல் மாறும். பார்லிமென்ட் சதுக்கத்திலிருந்து ஒயிட்ஹால் சாலையில் பத்து நிமிட நடை.

சாலைப் பக்கம் குதிரை மேல் இரண்டு வீரர்கள் நிற்பதைப் பார்த்ததும் எல்லாரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மாற்றம் நடப்பது பின்பக்கத் திடலில். வளைவு வாசலுக்குள் புகுந்து பூங்காப் பக்கம் போய்விடுங்கள். முடிந்ததும் முன்பக்கம் வந்து குதிரையோடு படம் எடுக்கலாம். கடிக்கும், உதைக்கும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள், கடிவாளத்தைத் தொடக் கூடாது.

திடலுக்கு எதிரே செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. கூழைக்கடாக்கள் இருக்கும், 1664இல் ரஷ்யத் தூதர் தந்த பறவைகளிலிருந்து தொடங்கிய வழக்கம். அரண்மனைப் பக்கக் கோடியில் பிள்ளைகள் விளையாட இடம் உண்டு.

மதியச் சாப்பாடு

சூப்பர் மார்க்கெட்டில் ‘மீல் டீல்’ வாங்கினால் போதும்: சாண்ட்விச், நொறுக்கு, குடிக்க ஏதாவது ஒன்று, மூன்றும் சேர்த்து ஒரே விலை. முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க: உறையில் ‘வெஜிடேரியன்’ என்று போட்டிருந்தாலும் முட்டை இருக்கும், அந்த நாட்டுக் கணக்கில் முட்டை சைவம். ‘வீகன்’ என்று போட்டதைத்தான் எடுக்க வேண்டும்.

டிரஃபால்கர் சதுக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நேஷனல் கேலரிக்குள் போங்கள். அனுமதி இலவசம், கழிப்பறையும் இலவசம். ஓவியத்தில் ஆர்வமில்லாத பிள்ளைகளுக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம்.

15ஆம் எண் பேருந்து

சுற்றுலா பஸ்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். டிரஃபால்கர் சதுக்கத்தில் ‘பிளாக்வால்’ என்று போட்ட 15ஆம் எண்ணில் ஏறி, மாடியில் முன்வரிசை பிடியுங்கள். ஃப்ளீட் ஸ்ட்ரீட், செயின்ட் பால் தேவாலயம் வழியாக டவர் ஆஃப் லண்டன் வரை போகும். 2025 கட்டணம் 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறினால் மறுபடி பணம் போகாது. ஆற்றுப் படகிலும் இதே கார்டு செல்லும், ஆனால் உச்சவரம்புக்குள் வராது, 11 வயதுக்குக் கீழ் இலவசம் என்பதும் அங்கே கிடையாது.

டவருக்குள் போக டிக்கெட் வேண்டும், கோகினூர் வைரம் உள்ளேதான் இருக்கிறது. குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும், அதனால் இந்தத் திட்டத்தில் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. பக்கத்தில் தூக்குப் பாலமாக நிற்பது டவர் பிரிட்ஜ். பலர் நினைப்பதுபோல் லண்டன் பிரிட்ஜ் அல்ல. 1894இல் திறந்தது. கப்பலுக்காக அது மேலே தூக்கும் நேரங்களை முன்கூட்டியே இணையதளத்தில் போட்டுவிடுவார்கள். முந்தைய இரவே பார்த்து, அதற்கேற்ப 15ஐப் பிடியுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது கேலரியை விட்டுவிட்டுப் பாலத்தை முன்னால் வையுங்கள்.

இரவு: ஈஸ்ட் ஹாம்

இரவுச் சாப்பாட்டுக்குத் தமிழ்க் கடைகள் உள்ள ஈஸ்ட் ஹாம் பகுதி. டவர் ஹில் ஸ்டேஷனிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஒரே ரயில். ஆனால் அதே பிளாட்பாரத்தில் சர்க்கிள் லைனும் வரும், ஏறினால் ஆல்ட்கேட் பக்கம் திருப்பிவிடும். ரயில் நெற்றியில் ‘அப்மின்ஸ்டர்’ அல்லது ‘பார்க்கிங்’ என்று பார்த்து ஏறுங்கள். பார்க்கிங் என்பது ஊர்ப் பெயர், வண்டி நிறுத்துமிடம் அல்ல.

இறங்கினால் ஹை ஸ்ட்ரீட் நார்த். தமிழில் எழுதிய கடைப் பலகைகள், தோசைக் கல், கொத்து ரொட்டிச் சத்தம். காலையிலிருந்து ரொட்டியை முறைத்துக்கொண்டிருந்த பிள்ளை இங்கே இரண்டு தோசை சாப்பிடும். அதே தெருவில் மேலே போனால் ஸ்ரீ மகாலட்சுமி கோயில்.

பின்சேர்க்கை

மழை பெய்தால்? சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனில் இறங்குங்கள். சுரங்க நடைபாதை வழியாக நனையாமல் அருங்காட்சியகங்களை ஒட்டியே வெளியே வரலாம். இயற்கை வரலாறு, அறிவியல், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், மூன்றும் இலவசம். கடைசியில் சொன்னதில் திப்பு சுல்தானின் மரப்புலி இருக்கிறது, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எடுத்துப் போனது.

ஸ்ட்ரோலர் இருந்தால், படி ஏறாமல் போகக்கூடிய ஸ்டேஷன்களைக் காட்டும் ‘ஸ்டெப்-ஃப்ரீ’ டியூப் வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் லிஃப்ட் உண்டு. கோவென்ட் கார்டன் ஸ்டேஷனில் லிஃப்ட் கூட்டத்தைப் பார்த்துப் படியில் இறங்கிவிடாதீர்கள், 193 படி, சுழல் படி.