இரட்டைச் சுழல் ஒருவழியாக அடங்கியது

மீக்கடத்தியில் (மின்தடையே இல்லாத பொருள்) காந்தப்புலம் ஊடுருவும் சுழலை விவரிக்கும் கின்ஸ்பர்க்-லாண்டாவ் சமன்பாட்டைக் கணினியில் தீர்ப்பது பல நாட்களைத் தின்றுவிட்டது. மையத்தில் ஒரு தொடக்க மதிப்பை ஊகித்து வெளிநோக்கிக் கணக்கிட்டேன்; அது மயிரிழை கூடினால் தீர்வு வெடித்தது, குறைந்தால் பூஜ்யத்தை நோக்கித் திரும்பியது. துல்லியத்தைக் கூட்டியதில், வெடிக்கும் இடம் கொஞ்சம் தள்ளிப்போனதுதான் மிச்சம். ஊகத்தைச் சுற்றுக்குச் சுற்று திருத்தும் நியூட்டன் முறையும் தாறுமாறாக ஓடியது.

சிங்கப்பூர் தேக்கா கோப்பிக் கடையில் சீனியர் அண்ணன், "கப்பாவை முதலில் 0.707-இல் வை, தம்பி" என்றார். கப்பா என்பது மீக்கடத்தியின் வகையைத் தீர்மானிக்கும் எண். 1976-இல் இயற்பியலாளர் போகோமோல்னி காட்டியபடி, 1/√2 என்ற அந்த மதிப்பில் இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள் எளிய முதல் வரிசைக்கு இறங்கிவிடும். அந்தத் தீர்விலிருந்து கப்பாவைச் சிறுகச் சிறுக ஏற்றினேன்.

பலர் கவனிக்காதது: இரட்டைச் சுழலில் (இரண்டு மடங்கு காந்தப்பாயம் கொண்டது) மீக்கடத்தலின் வலிமையைச் சொல்லும் அலைச்சார்பு மையத்தருகே ஆரத்தின் வர்க்கமாக ஏறும், அங்கே சரிவே பூஜ்யம். அதனால் வர்க்கத்தைத் தனியே பிரித்து, மீதியைத்தான் தீர்த்தேன். அப்புறம் நியூட்டன் முறையின் ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டித்தன. அப்பாடா!