ஓடிக்கொண்டிருக்கும் மொழியை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில்லிங் விதிகளை எழுத எங்கள் அலுவலகத்தில் நாங்களே உருவாக்கிய சின்ன நிரல் மொழி ஒன்று பத்து வருடமாக ஓடுகிறது. போன வாரம், புதிதாகச் சேர்ந்த இருவர் அதற்கு வெர்ஷன் 2 திட்டம் எழுதிக்கொண்டு வந்தார்கள். படித்ததும் எனக்குத் திக்கென்றது. பழசை எல்லாம் நீக்கிவிட்டு, ஒரே ரிலீஸில், எல்லாவற்றையும் சுத்தமாக. ஒரு காலத்தில் நான் ஒரு லைப்ரரிக்கு எழுதிய திட்டமும் இதேதான். அதைப் பயன்படுத்திய நான்கு டீம்களில் மூன்று, பழைய வெர்ஷனிலேயே தங்கிவிட்டன.

டெஸ்ட் எழுதாதது, ஆவணத்தை மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பக்கத்து மொழியில் இருக்கிறதே என்று அப்படியே எடுப்பது

லாம்ப்டா, அதாவது பெயர் வைக்காமல் தேவையான இடத்திலேயே எழுதும் சின்ன ஃபங்ஷன், பல மொழிகளில் வெகுகாலமாக இருந்தது. ஜாவா அதை 2014-ல், 8-ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. ஆனால் சேர்த்த விதத்தைப் பாருங்கள். ஒரே ஒரு மெத்தட் உள்ள இன்டர்ஃபேஸை (என்னென்ன மெத்தட் வேண்டும் என்று சொல்லும் வரையறையை) எதிர்பார்க்கும் இடத்தில் எல்லாம் லாம்ப்டாவைக் கொடுக்கலாம். அதனால் பல வருடம் முன்பு எழுதிய லைப்ரரிகள்கூட, ஒரு வரி மாறாமல் லாம்ப்டாவை ஏற்றுக்கொண்டன. புதிய யோசனை வந்த அன்றே பழைய கோடுக்கும் பயன் கிடைத்தது.

எல்லோரையும் ஒரே நாளில் தாண்டச் சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். அதன் மையமான மாற்றம் மிகச் சரியானது. தமிழில் வேலை செய்பவர்களுக்கு வரப்பிரசாதம் என்றே சொல்வேன். பைத்தான் 2-ல் ‘தமிழ்’ என்ற சாதாரண ஸ்ட்ரிங்கின் நீளத்தைக் கேட்டால் 15 என்று வரும்; அது, யுடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் அந்தச் சொல் எடுக்கும் பைட்டுகளின் எண்ணிக்கை. பைத்தான் 3-ல் 5 வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் எண்ணும் மூன்றுக்கு இன்னும் தனியாக வேலை செய்ய வேண்டும். ஆனாலும் எழுத்து வேறு, பைட் வேறு என்பது மொழியிலேயே பதிந்துவிட்டது.

மாற்றம் சரி, வழிதான் தவறு. ஒரே புரோகிராமுக்குள் பைத்தான் 2 மாட்யூலும் 3 மாட்யூலும் சேர்ந்து ஓடாது. நான் நம்பியிருக்கும் லைப்ரரிகள் அனைத்தும் மாறிய பிறகுதான் நான் மாற முடியும். அவற்றை எழுதியவர்களோ, பயனர்கள் இன்னும் 2-ல் இருக்கிறார்களே என்று காத்திருந்தார்கள். யுனிகோட் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் போடும் ‘யு’ என்ற ஒற்றை எழுத்தைக்கூட 3.0-ல் நீக்கினார்கள். அது இருந்திருந்தால் ஒரே கோப்பை இரண்டிலும் ஓட்டுவது எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். 2012-ல், 3.3-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பைத்தான் 2-இன் கடைசிப் பதிப்பான 2.7-க்கு 2015-ல் முடிய வேண்டிய ஆதரவு, 2020 ஜனவரி 1 வரை நீண்டது.

கடைசி நேரத்தில், 2019-ல், நான் ஒரு வாடிக்கையாளரின் கோடை மாற்றினேன். ஆங்கில எழுத்து மட்டும் உள்ள பைட் ஸ்ட்ரிங்கையும் யுனிகோட் ஸ்ட்ரிங்கையும் ஒப்பிட்டால் பைத்தான் 2 ‘சமம்’ என்னும். பைத்தான் 3 ‘சமமில்லை’ என்னும், பிழை எதுவும் காட்டாமல். நெட்வொர்க்கிலிருந்து பைட்டாக வந்த கிளைக் குறியீடு எதனோடும் பொருந்தவில்லை. அதனால் மூன்று நாட்களுக்கு, கிளைகளுக்கான தள்ளுபடி இல்லாமலே பில்கள் போயின. இந்த ஒப்பீட்டுக்கு எச்சரிக்கை தரும் ‘-b’ என்ற சுவிட்ச் (ஓட்டும்போது கட்டளையோடு சேர்ப்பது) பைத்தானிலேயே இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மாற்றும் வேலையில் இருப்பவர்கள் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

ரஸ்ட் மொழி இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. 2015, 2018, 2021, 2024 என்று எடிஷன்கள். ஒவ்வொரு கிரேட்டும் (ரஸ்டில் கோடுத் தொகுப்புக்குப் பெயர்) தன் எடிஷனை அறிவித்துக்கொள்ளும். வெவ்வேறு எடிஷன் கிரேட்டுகள் ஒரே புரோகிராமில் சேர்ந்து ஓடும். கோ மொழி 2024-ல், 1.22-ல் ஃபார் லூப் மாறியின் பொருளையே மாற்றியது. தன் மாட்யூல் கோப்பில் 1.22 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைக் குறிப்பிட்டவர்களுக்கு மட்டுமே அந்த மாற்றம் நடந்தது. யார் எப்போது கடப்பது என்பதை அவரவர் முடிவு செய்யலாம்.

திட்டம் எழுதிய அந்த இருவரிடமும் நான் கேட்டது ஒரே கேள்வி: பழைய விதிக் கோப்பும் புதிய விதிக் கோப்பும் ஒரே பில்லில் சேர்ந்து ஓடுமா?

புழக்கத்தில் இருக்கும் பெயரைப் பறிப்பது

பைத்தான் 3.7, 2018-ல் ‘அசிங்க்’ (async) என்பதை முழுக் கீவேர்டாக்கியது, அதாவது மொழி தனக்கே ஒதுக்கிக்கொண்ட சொல்லாக்கியது. அதைப் பாராமீட்டர் பெயராக வைத்திருந்த லைப்ரரிகள் உடைந்தன. 3.10-ல் ‘மேட்ச்’ வந்தபோது கவனமாக இருந்தார்கள். அது தன் இடத்தில் மட்டும் கீவேர்ட், மற்ற இடங்களில் சாதாரணப் பெயர்.

எச்சரிக்கை தராமல் நீக்குவது

வேண்டவே வேண்டாம்.

முதல் வடிவத்தையே நிரந்தரமாக்குவது

ஜாவா 12-ல் ஸ்விட்ச் எக்ஸ்பிரஷன், அதாவது பல வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்து மதிப்பு தரும் அமைப்பு, முன்னோட்டமாகத்தான் வந்தது. மதிப்பைத் திருப்பித் தர அதில் ‘பிரேக்’ எழுத வேண்டும். அது லூப்பில் வரும் ‘பிரேக்’கோடு குழப்பியதால் 13-ல் ‘யீல்ட்’ ஆக்கினார்கள், 14-ல்தான் நிலைப்படுத்தினார்கள். முன்னோட்டம் என்று சொல்லிவிட்டதால், அந்தத் திருத்தத்துக்கு அவர்களிடம் இடம் இருந்தது.

இருவரும் நேற்று திருத்திய திட்டத்தோடு வந்தார்கள். ஒவ்வொரு விதிக் கோப்பின் முதல் வரியிலும் பதிப்பு எண் இருக்கும். எண் இல்லாத கோப்பு பழைய பொருளிலேயே ஓடும். அடுத்த மாதம் இரண்டு கிளைகளில் மட்டும் விட்டுப் பார்க்கப் போகிறோம்.