காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை. ராத்திரி போனில் "காய்ச்சல் அடிக்குதாம்மா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் நிம்மதியாகிவிடுவார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

வயதானவர்களுக்கு நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ முற்றியிருக்கும்போதுகூட உடம்பு சுடாமல் இருக்கலாம். அவர்களுடைய வழக்கமான உடல்சூடே பெரும்பாலும் கொஞ்சம் குறைவு. அதனால் தெர்மாமீட்டர் 100 டிகிரியைத் தொடவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வழக்கத்தைவிட 2 டிகிரி ஏறினாலே கவனிக்க வேண்டும். அதைவிட, ஆளைப் பாருங்கள். நேற்றுவரை மாட்டுக்குத் தானே தண்ணீர் காட்டிய அம்மா, இன்று களியைத் தொடாமல் தட்டை ஒதுக்குகிறார், பேரனைப் பார்த்து யார் என்கிறார், நடக்கும்போது தள்ளாடுகிறார் என்றால், "வயசாச்சுல்ல" என்று சொல்லிவிடக் கூடாது. ஓரிரு நாளில் வந்த குழப்பத்துக்கு வயதைக் காரணம் சொல்லவே முடியாது. அவர் சும்மா படுத்திருக்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். 25க்கு மேல் போனால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அக்கி. கொப்புளம் கண்டதும் காவி குழைத்து எழுதுவது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் இதற்கான வைரஸ் மருந்தை 3 நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எழுதிவிட்டுக் காத்திருப்பதில் அந்த 3 நாளும் போய்விடுகிறது. புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிச்சலோடு தவிப்பவர்கள் உண்டு. கண்ணை ஒட்டி வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

போன தடவை எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை மருந்துக்கடையில் காட்டி, அதே மாத்திரையில் நாலு வாங்கிப் போடுவதும் வேண்டாம். இருமல் 2 வாரம் தாண்டினால் பீடி இருமல் என்று ஒதுக்காமல் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோய்க்கான சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று பகலெல்லாம் தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவரிடம் இந்த மாற்றங்களையும் சொல்லுங்கள். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது. நிமோனியா தடுப்பூசி வேறு. இரண்டையும் பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.